மெத்தையும் தெர்மாகோலும் செய்யப்படுவது எப்படி? நுரை பிளாஸ்டிக்குகள் பற்றி ஒரு விளக்கம்

மெத்தைக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழும் சொல் டென்சிட்டி. "இது 32 டென்சிட்டி, அது 40 டென்சிட்டி, விலை கொஞ்சம் கூட" என்பார் கடைக்காரர். நாமும் புரிந்ததுபோலத் தலையாட்டி, விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, நடுவில் உள்ள விலையில் ஒன்றை வாங்கி வருவோம்.

40 டென்சிட்டி என்றால் அந்த ஃபோம் ஒரு கனமீட்டருக்கு 40 கிலோ எடை இருக்கிறது என்று பொருள். அதே பிளாஸ்டிக்கைக் காற்றே இல்லாமல் கெட்டியாக வார்த்தால் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 1,200 கிலோ வரும். அதாவது நாம் வாங்கும் மெத்தையில் பிளாஸ்டிக் நூற்றில் மூன்று பங்குதான். மிச்சம் 97 பங்கும் வெறும் வாயு. தெர்மாகோலில் இது 98 பங்கு வரை போகும்.

இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். மெத்தை மெத்தென்று இருப்பதும், ஐஸ் பெட்டி குளிர்ச்சியைக் காப்பதும், டிவி உடையாமல் வீடு வந்து சேருவதும் அந்த வாயுவால்தான். ஆனால் அந்த வாயு எது, எந்த வழியில் உள்ளே போனது, உள்ளேயே இருக்கிறதா வெளியேறிவிடுகிறதா என்பதைப் பொறுத்துப் பொருளின் குணம் முழுவதும் மாறுகிறது. எவ்வளவு நாள் உழைக்கும், எவ்வளவு வேகமாகத் தீப்பற்றும், குப்பைக்குப் போனபின் என்ன ஆகும் என்பதெல்லாம் இதில் அடங்கும். ஆகவே செய்முறையைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது, வாங்குபவருக்கும் அந்தத் தொழிலில் வேலை செய்பவருக்கும் உதவும்.

ஆப்ப மாவும் அதே வித்தைதான்

எந்த நுரை பிளாஸ்டிக்கும் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. இளகிய நிலையில் உள்ள பிளாஸ்டிக்கில் குமிழ்கள் பிறக்க வேண்டும். அவை வளர வேண்டும். வளர்ந்தது அமுங்கிப்போகும் முன் சுவர்கள் இறுக வேண்டும். ஆப்ப மாவு புளித்துப் பொங்குவதும், அது சட்டியின் சூட்டில் வெந்து அப்படியே நிற்பதும் இதே கதைதான். மாவு மிகவும் தண்ணீராக இருந்தால் குமிழ் வெடித்து வாயு ஓடிவிடும். மிகவும் கெட்டியாக இருந்தால் குமிழ் வளராது. தொழிற்சாலையில் உள்ள வேதியியல் நிபுணரின் பாதி வேலை, வாயு வரும் வேகத்தையும் பிளாஸ்டிக் இறுகும் வேகத்தையும் விநாடிக் கணக்கில் பொருத்துவதுதான்.

வாயுவை உள்ளே கொண்டுவரப் பல வழிகள் உண்டு. முட்டையை அடிப்பதுபோல அடித்துக் காற்றை ஏற்றலாம். வேதிவினையால் உள்ளேயே வாயுவைப் பிறப்பிக்கலாம். எளிதில் கொதிக்கும் திரவத்தைக் கலந்து சூட்டில் ஆவியாக்கலாம். சூடேறினால் சிதைந்து வாயு விடும் பொடியைச் சேர்க்கலாம். அழுத்தத்தில் வாயுவை நேரடியாகக் கரைத்து, சோடா பாட்டிலைத் திறப்பதுபோல அழுத்தத்தை விடலாம். இவை தவிர, உள்ளீடற்ற கண்ணாடி மணிகளைப் பிசினில் கலக்கும் வழியும் ஒன்று.

குமிழ் அறைகள் இரண்டு வகை. சுவர்கள் உடைந்து ஒன்றோடொன்று திறந்திருந்தால் அது பஞ்சுபோல மூச்சு விடும், தண்ணீரை உறிஞ்சும், அமுக்கினால் அமுங்கி எழும். ஒவ்வொரு அறையும் மூடியே இருந்தால் அது மிதக்கும், தண்ணீரை விடாது, சூட்டைத் தடுக்கும். மெத்தை முதல் வகை. மீன் பெட்டி இரண்டாம் வகை.

அடித்து நுரைத்த ரப்பர் பால்

பிளாஸ்டிக்குக்கு முன்னோடி ரப்பர்தான். 1929-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், இ.ஏ.மர்ஃபி என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ரப்பர் பாலைச் சமையலறைக் கலக்கி கொண்டு அடித்து நுரைக்க வைத்தார்கள். அந்த நுரை தானாக உடைந்துபோகும் முன் அதை உறைய வைக்கும் வேதிப்பொருளைச் சேர்த்து, அச்சில் ஊற்றி, கந்தகத்தோடு நீராவியில் வேக வைத்தார்கள். "டன்லப்பில்லோ" என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் எந்த ஃபோம் மெத்தையையும் டன்லப் மெத்தை என்பது இதனால்தான்.

இன்றும் லேடக்ஸ் மெத்தைகள் அடிப்படையில் இப்படித்தான் செய்யப்படுகின்றன. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இலங்கையிலும் மரத்தில் வடியும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அதை அம்மோனியா சேர்த்துக் கெடாமல் காத்து, சுழற்றும் எந்திரத்தில் விட்டு, 60 விழுக்காடு ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்குவார்கள். அதைத்தான் அடித்து நுரைக்கிறார்கள். தலாலே என்ற இன்னொரு முறையில் பாதி நிரம்பிய அச்சை மூடி, காற்றை உறிஞ்சி நுரையை விரிய வைத்து, அதைக் குளிரில் உறைய வைத்து, கார்பன் டைஆக்சைடைச் செலுத்தி இறுகச் செய்வார்கள். அறைகள் சீராக அமையும், விலையும் ஏறும். லேடக்ஸ் மெத்தை நன்றாக எடை இருக்கும், நல்ல துள்ளல் இருக்கும். 'லேடக்ஸ்' என்று எழுதியிருந்தும் தூக்கினால் இலேசாக இருந்தால், உள்ளே மெல்லிய ஓர் அடுக்கு மட்டுமே லேடக்ஸாக இருக்கலாம்.

தண்ணீரால் பொங்கும் பாலியூரித்தேன்

நாம் இன்று படுக்கும், உட்காரும் ஃபோமில் பெரும்பகுதி பாலியூரித்தேன். 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரின் குழு இதைக் கண்டுபிடித்தது. அங்கிருந்த மருந்து நிறுவனத்தின் பெயரும் பேயர்தான், ஆனால் இவர் அந்த நிறுவனரின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆரம்பத்தில் மாதிரிகளில் குமிழ்கள் விழுந்ததைக் குறை என்றே கருதினார்கள். ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டி செய்யத்தான் இது உதவும் என்று கேலி பேசியதாகவும் சொல்வார்கள். அந்தக் குறைதான் பிற்காலத்தில் தொழிலாக மாறியது.

இதன் கணக்கு எளிமையானது. பாலியால் என்ற தேன்போன்ற திரவம் ஒரு பக்கம். ஐசோசயனேட் என்ற கடுமையான திரவம் மறுபக்கம். இரண்டும் சேர்ந்தால் பிளாஸ்டிக் சங்கிலி உண்டாகும். இதில் கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்தால், தண்ணீரும் ஐசோசயனேட்டும் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடு வெளிவரும். அதுவே குமிழ். மெத்தை ஃபோமுக்கு 100 கிலோ பாலியால், ஏறத்தாழ 50 கிலோ டிடிஐ என்ற ஐசோசயனேட், 4 கிலோ தண்ணீர் என்பது ஒரு வழக்கமான கலவை. அந்த 4 கிலோ தண்ணீரிலிருந்து 5,000 லிட்டருக்கும் மேல் வாயு பிறக்கும். கூடவே இரண்டு விதமான கிரியா ஊக்கிகள்: ஒன்று வாயு வரும் வேகத்தையும், மற்றொன்று பிளாஸ்டிக் இறுகும் வேகத்தையும் கட்டுப்படுத்தும். குமிழ் சுவர்கள் உடையாமல் காக்கச் சிறிது சிலிக்கோன் எண்ணெய் சேர்ப்பார்கள்.

பெரிய ஆலைகளில் இந்தக் கலவை ஒரு தலைப்பகுதியில் கலந்து, நகரும் பட்டையில் விரித்த காகிதத்தின் மேல் கொட்டும். பத்து விநாடியில் வெண்ணெய்போல வெளுக்கும். ஒன்றரை இரண்டு நிமிடத்தில் ஆள் இடுப்புயரத்துக்குப் பொங்கி எழும். உச்சிக்கு வந்ததும் மேல்பகுதியில் சிறு சிறு துளைகள் வெடித்து, பெருமூச்சு விட்டதுபோல வாயு வெளியேறும். அந்தக் கணத்தில்தான் அறைச் சுவர்கள் உடைந்து ஃபோம் மூச்சு விடத் தொடங்குகிறது. அது நடக்காமல் போனால், ஆறும்போது முழுப் பாளமும் வற்றிய பலாப்பழம்போலச் சுருங்கிவிடும்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. இந்த வினை கடும் சூட்டை வெளியிடும். பாளத்தின் நடுவில் வெப்பம் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஃபோம் சூட்டைக் கடத்தாது என்பதால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. டென்சிட்டியைக் குறைத்துப் பணத்தை மிச்சப்படுத்தத் தண்ணீரைக் கூட்டினால் சூடும் கூடும். நடுப்பகுதி முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, மோசமான நிலையில் தானாகத் தீப்பிடிக்கும். அதனால்தான் வெட்டிய பாளங்களை அன்றிரவு இடைவெளி விட்டுத் தனிக் கூடத்தில் அடுக்கிக் காவல் காக்க வேண்டும். இடம் போதவில்லை என்று சூடான பாளங்களை நெருக்கி அடுக்குகிற ஆலை, நெருப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

தொழிலாளருக்கு இன்னொரு எச்சரிக்கை. ஐசோசயனேட் என்றதும் 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் நினைவுக்கு வரும். மெத்தையில் பயன்படும் டிடிஐ அதே குடும்பம்தான் என்றாலும் அதே பொருள் அன்று. போபால் விஷம் 39 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகக்கூடியது. டிடிஐ 250 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆனால் அதன் ஆவி மிகச் சிறிய அளவிலும் நுரையீரலைப் பாதிக்கும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி ஆவி பட்டாலும் ஆஸ்துமா வரும். அந்த வேலையையே விட வேண்டியிருக்கும். வாடை மூக்குக்குத் தெரியும் முன்பே அளவு வரம்பைத் தாண்டியிருக்கும். ஆகவே "வாடையே இல்லையே" என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. வளைகுடா நாடுகளில் கூரைகளுக்கு ஸ்ப்ரே ஃபோம் அடிக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. துணி முகக்கவசம் அதற்குப் போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் கவசம் தேவை. முழுவதும் இறுகி ஆறிய ஃபோமில் இந்த ஆபத்து இல்லை. மெத்தையில் படுப்பவர் பயப்பட வேண்டியதில்லை.

டென்சிட்டிக்கு மீண்டும் வருவோம். 6 அடிக்கு 3 அடி, 4 அங்குலக் கனமுள்ள மெத்தையில் 6 கன அடி ஃபோம் இருக்கிறது. 40 டென்சிட்டி என்றால் அது உறை நீங்கலாக ஏறத்தாழ 6.8 கிலோ எடை இருக்க வேண்டும். 32 என்றால் 5.4 கிலோ. ஒரு தராசு போதும். ஆனால் எடையைக் கூட்டச் சுண்ணாம்புக்கல் பொடியைக் கலக்கும் பழக்கமும் தொழிலில் உண்டு. பொடி கலந்த ஃபோம் தராசில் தேறும், முதுகில் தேறாது. சில மாதங்களில் குழி விழும். அப்படிப்பட்ட துண்டைக் கையால் கசக்கினால் சில சமயம் வெள்ளைத் தூள் உதிரும். ரீபாண்டட் என்று விற்பது வேறு வகை: வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பசை சேர்த்து அழுத்தி ஒட்டியது. அதன் டென்சிட்டி 80, 100 என்று இருக்கும். அதை 40 டென்சிட்டி புது ஃபோமோடு ஒப்பிடுவது பொருந்தாது.

ஃப்ரிட்ஜ் சுவரும் ஓசோனும்

பாலியூரித்தேனிலேயே இறுக்கமான வகை ஒன்று உண்டு. எம்டிஐ என்ற ஐசோசயனேட்டும் கிளைகள் நெருங்கிய பாலியாலும் சேர்ந்தால் கட்டைபோன்ற ஃபோம் வரும். அறைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மூடியே இருக்கும். ஃப்ரிட்ஜின் உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே திரவமாக ஊற்றி, அங்கேயே பொங்கி நிரம்ப விடுவார்கள். குளிர்பதனக் கிடங்குகளுக்கான பஃப் பேனலும் இதுவே.

மூடிய அறைக்குள் இருக்கும் வாயு சூட்டை எவ்வளவு மெதுவாகக் கடத்துகிறதோ, ஃப்ரிட்ஜ் அவ்வளவு குறைவாகக் கரண்ட் எடுக்கும். இதற்கு ஏற்ற பொருளாகச் சில பத்தாண்டுகள் இருந்தது சிஎஃப்சி-11. 24 டிகிரியில் கொதிக்கும் திரவம்; ஐசோசயனேட் வினையின் சூட்டிலேயே ஆவியாகிக் குமிழாகிவிடும். காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சூட்டைக் கடத்தும். தீப்பிடிக்காது, விஷமும் இல்லை. குறையே இல்லாத பொருள் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும், இந்தச் சிஎஃப்சி வாயுக்கள் வானில் ஏறி ஓசோன் படலத்தைத் தின்றுவிடும் என்று எழுதினார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே அந்த ஓட்டை கண்டறியப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2010-இல் உலகமெங்கும் சிஎஃப்சி உற்பத்தி நிறுத்தப்பட்டது. இடைக்கால மாற்றாக வந்தது எச்சிஎஃப்சி-141பி. அதன் ஓசோன் கேடு சிஎஃப்சி-11-இன் ஒன்பதில் ஒரு பங்கு. இந்தியா 2020 ஜனவரி 1 முதல் அதையும் நிறுத்திவிட்டது. இன்றைய ஃப்ரிட்ஜ்களின் பின்புறம் சைக்ளோபென்டேன் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் பெட்ரோல்போல எரியக்கூடியது. அதனால் அதைக் கையாளும் ஆலையில் வாயுக் கசிவைக் கண்டறியும் கருவிகளும் பொறி பறக்காத மின்சாதனங்களும் கட்டாயம். சிறு ஆலைகள் மாறத் தயங்கியதற்குக் காரணம் இந்தச் செலவுதான்.

அந்தத் தயக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது 2018-இல் வெளியே வந்தது. தடை செய்யப்பட்ட சிஎஃப்சி-11 வானில் குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை. 2012-க்குப் பிறகு யாரோ புதிதாக வெளியிடுகிறார்கள் என்று விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். அடுத்த ஆண்டு, கூடுதல் வாயுவில் பெரும்பகுதி கிழக்குச் சீனாவின் ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களின் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்தது. அங்கே பல ஃபோம் ஆலைகள் விலை மலிவு என்பதற்காக அந்தப் பழைய திரவத்தையே திருட்டுத்தனமாகப் பயன்படுத்தின. நடவடிக்கை எடுக்கப்பட்டபின் அளவு மீண்டும் இறங்கியது. கொரியாவிலும் ஜப்பானிலும் காற்றை அளக்கும் நிலையங்கள் இருந்ததால்தான் இது பிடிபட்டது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. 1990-களிலோ அதற்கு முன்னரோ செய்த பழைய ஃப்ரிட்ஜின் சுவரில் சிஎஃப்சி-11 இன்னும் அடைபட்டு இருக்கலாம். பழைய இரும்புக் கடையில் இரும்பையும் செம்பையும் எடுக்க அந்த ஃபோமை உடைத்தெறியும்போது அது வெளியேறுகிறது. எரித்தால் அதைவிட மோசம்.

தெர்மாகோல்

தெர்மாகோல் என்பது இந்தியாவில் ஒரு வணிகப்பெயராக வந்து பொதுப்பெயராகிவிட்டது. இலங்கையில் ரெஜிபோம் என்பார்கள். பொருள் ஒன்றே: பாலிஸ்டைரீன். 1949-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஃப்ரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி உருவாக்கிய முறைதான் இன்றும். சர்க்கரை போன்ற சிறு மணிகளாகப் பாலிஸ்டைரீன் வரும். அதற்குள் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு பென்டேன் என்ற, எளிதில் கொதிக்கும் திரவம் ஊறியிருக்கும். நீராவி காட்டினால் பிளாஸ்டிக் இளகும், பென்டேன் ஆவியாகும், மணி தன் பருமனைப்போல நாற்பது மடங்கு பொரியும். சோளப்பொரி நினைவுக்கு வரலாம்.

பொரிந்த மணியை உடனே அச்சில் போட முடியாது. ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, தொட்டாலே நசுங்கும் நிலையில் இருக்கும். பெரிய துணிப்பைகளில் ஒரு நாள் அளவு விட்டுவைத்தால் வெளிக்காற்று மெல்ல உள்ளே புகுந்து மணி உறுதியாகும். பிறகு அச்சில் நிரப்பி மறுபடி நீராவி விட்டால், மணிகள் இன்னும் சற்று உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தெர்மாகோலை உடைத்தால் மணி மணியாக உதிர்வது இதனால். பெரிய பாளத்தைச் சூடான கம்பியால் அட்டைகளாக அறுப்பார்கள்.

இன்னொரு முறையில் உருகிய பாலிஸ்டைரீனில் அழுத்தத்தோடு வாயுவைக் கலந்து, வாய்வழியாகப் பிதுக்குவார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் குறைந்து பொங்கும். இதில் மணிகள் இருக்காது, ஒரே சீராக இருக்கும். அமெரிக்காவின் டவ் நிறுவனம் 1941-இல் இதைத் தொழில்முறைக்குக் கொண்டுவந்தது. ஸ்வீடனின் கார்ல் முன்டர்ஸ் அதற்குப் பத்தாண்டு முன்பே காப்புரிமை பெற்றிருந்தார். முதல் பயன்களில் ஒன்று உயிர்காக்கும் மிதவைகள். பிரியாணி பார்சல் தட்டுகளும் இதே முறையில் மெல்லிய தாளாகப் பிதுக்கி, சூட்டில் அச்சிட்டவை.

தெர்மாகோலின் எடை கனமீட்டருக்கு 15 முதல் 30 கிலோ. 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் தடுக்க மிதக்கவிட்ட அட்டைகள் சிறிது நேரத்திலேயே காற்றில் கரை ஒதுங்கியதை நாடே பார்த்துச் சிரித்தது. இவ்வளவு இலேசான அட்டை காற்றுக்கு முன் நிற்காது என்பது இந்த எண்ணிலேயே இருக்கிறது.

உணவு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்கு அருகில் இளகும். சூடும் எண்ணெயும் சேர்ந்தால், பிளாஸ்டிக்கில் மிஞ்சியிருக்கும் ஸ்டைரீன் சிறிதளவு உணவில் இறங்கும். 2018-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வைத்தது. கொதிக்கும் நோன்புக் கஞ்சியையும் நெய் மிதக்கும் தால்சாவையும் அதில் ஊற்றுவதற்கு அவசியமே இல்லை. தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தடையிலும் இருக்கின்றன. பள்ளிவாசல்களில் கஞ்சிக்கு வீட்டுப் பாத்திரம் கொண்டுவரும் பழைய வழக்கமே போதும்.

செருப்பு, வெள்ளைச் சுருள், கடலடி மிதவை

காலில் போடும் ஈவிஏ செருப்பில் வாயு வருவது ஒரு மஞ்சள் பொடியிலிருந்து. அசோடைகார்பனமைடு என்று பெயர். 200 டிகிரிக்கு மேல் சிதைந்து, ஒரு கிராமுக்கு 220 மில்லிலிட்டர் அளவுக்கு வாயு விடும், பெரும்பகுதி நைட்ரஜன். துத்தநாக ஆக்சைடு சேர்த்தால் 160 டிகிரி அளவிலேயே சிதையும். மூடிய அச்சில் அழுத்தத்தோடு வேகவைத்து, திடீரென அச்சைத் திறந்தால், தகடு சத்தத்தோடு வெளியே துள்ளிப் பெரிதாகும். பார்க்க வேடிக்கைதான், எதிரே நிற்பவருக்கு ஆபத்து. இந்தப் பொடியின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தாலும் ஆஸ்துமா வரும்.

இதே குடும்பத்து நுண்ணறை ரப்பருக்கு வேலூரில் ஒரு தனி வரலாறு உண்டு. 1950-களில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வருவது அழுத்தம் ஒரே இடத்தில் குவிவதால் என்று காட்டினார். அந்த அழுத்தத்தைப் பரப்ப நுண்ணறை ரப்பர் செருப்புகள் அங்கே உருவாக்கப்பட்டன. எம்சிஆர் செருப்பு என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று மருத்துவர்கள் எழுதித் தருவது அதன் தொடர்ச்சி. தோற்றத்தில் அதைப்போல இருக்கும் சாதாரண ரப்பர் செருப்பு அந்த வேலையைச் செய்யாது.

கொய்யா, ஆப்பிளுக்குப் போடும் வெள்ளை வலையும், டிவி பெட்டிக்குள் சுற்றியிருக்கும் மெல்லிய வெள்ளைச் சுருளும் பாலிஎத்திலீன் நுரை. பியூட்டேன் வாயுவை, அதாவது சமையல் கேஸின் ஒரு பங்கை, கலந்து பிதுக்குகிறார்கள். புதிதாகச் சுற்றிய சுருளில் அந்த வாயு சில நாள் தங்கியிருக்கும். காற்றோட்டமில்லாத கிடங்கில் அதை அடைத்துவைத்து, பக்கத்தில் பீடி பற்றவைப்பது எவ்வளவு அறியாமை என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொல்லைகள் இல்லாத வழி, நைட்ரஜனையோ கார்பன் டைஆக்சைடையோ மிகுந்த அழுத்தத்தில் பிளாஸ்டிக்கில் கரைத்துவிடுவது. 1980-களில் அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர் நாம் சூவின் குழு இதை வளர்த்தது. கார் உதிரிபாகங்களில் இப்போது பயன்படுகிறது. கண்ணாடி மணிகளைப் பிசினில் கலந்து செய்யும் நுரை கடலடிக் கலங்களின் மிதவைக்கு. ஆழ்கடல் அழுத்தத்தில் மற்ற நுரைகள் நசுங்கிவிடும்.

தீ

நுரையில் பிளாஸ்டிக் சுவர்கள் காகிதத்தைவிட மெல்லியவை, சுற்றிலும் காற்று. அதனால் பற்றினால் மிக வேகமாக எரியும். பாலியூரித்தேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். தீ உடலைத் தொடும் முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும்.

1979 மே 8 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு பல்பொருள் அங்காடியில் அடுக்கியிருந்த ஃபோம் சோபாக்கள் எரிந்து 10 பேர் இறந்தார்கள். சாதாரண ஃபோமை வீட்டுச் சாமான்களில் தடை செய்யும் சட்டம் அங்கே 1988-இல் வந்தது. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஓர் இசை விடுதியின் சுவரில் ஓசை அடக்க ஒட்டியிருந்த ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டது. 100 பேர் இறந்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியாவில் ஏறத்தாழ அதே காரணத்தால் 242 பேர். 2017 ஜூன் 14 அதிகாலையில் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர். அங்கே முதன்மைக் காரணம் பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட வெளிப்புறத் தகடு; அதற்குப் பின்னால் இருந்த வெப்பத்தடுப்பு ஃபோமும் எரிந்தது. அது ரமலான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அண்டை வீடுகளின் கதவுகளைத் தட்டி எழுப்பியதை அன்றைய செய்திகள் பதிவு செய்தன. பொருள்களை விற்ற நிறுவனங்கள் தீச்சோதனை முடிவுகளில் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்று விசாரணைக் குழு 2024 செப்டம்பரில் அறிக்கை தந்தது.

நம் ஊர்களில் திருமண மண்டபங்களிலும், கூட்ட அரங்குகளிலும், பள்ளிவாசல்களின் மேல்தளங்களிலும் எதிரொலியை அடக்கவும் சூட்டைக் குறைக்கவும் ஃபோம் ஒட்டும் வழக்கம் பெருகிவருகிறது. முட்டை அட்டை வடிவிலுள்ள சாம்பல்நிற ஃபோம் பெரும்பாலும் பாலியூரித்தேன். தீத்தடுப்பான் கலந்தது என்று விற்றாலும், தீக்குச்சி போன்ற சிறு நெருப்பில் பற்றுவதை அது தாமதப்படுத்தும், அவ்வளவே. பெரிய தீயில் அதுவும் எரியும். கூட்டம் கூடும் இடத்தில் ஓசை அடக்கக் பாறைப் பஞ்சு எனப்படும் ராக்வுல் அல்லது கண்ணாடி இழைப் பலகை, கூரைக்கு ராக்வுல் நடுவில் வைத்த பேனல் என்று கேட்டு வாங்கலாம். விலை கூடும், எடையும் கூடும். ஏற்கெனவே ஃபோம் ஒட்டிய இடமாக இருந்தால் வயரிங், ஸ்பாட் லைட், சாம்பிராணிச் சட்டி ஆகியவை அதிலிருந்து எட்டி இருக்க வேண்டும். வெளியேறும் கதவுகள் பூட்டப்படாமல் இருக்க வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டியது தீச்சோதனைச் சான்றிதழ். அதில் உள்ள டென்சிட்டியும் கனமும் நமக்கு வந்திறங்கும் சரக்கின் டென்சிட்டியும் கனமும்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரே நிறுவனத்தின் ஃபோமே டென்சிட்டியும் கனமும் மாறினால் வேறு வேகத்தில் எரியும்.